எளியவரின் வெற்றியும் நம் மகிழ்ச்சியும்

வலிமை குன்றிய அணியொன்று, தன் சொந்தத் திடலில், எவரும் எதிர்பாராத வேளையில் வென்றுவிட்டால் அவ்வூர் மக்கள் அடையும் மகிழ்ச்சி வியப்புக்குரியது. களத்தில் நெல் குவிவதைக் காணும் மகிழ்ச்சி உழைத்தவனுக்கு உரியது. மகள் பட்டம் பெறும் நாளின் மகிழ்ச்சி அவளை வளர்த்தவர்க்கு உரியது. ஆட்டத்தைப் பார்த்தவனோ உழைக்கவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. ஒரு சீட்டு வாங்கினான், கத்தினான், அவ்வளவே. ஆயினும் இறுதி ஊதல் ஒலித்ததும் முன்பின் அறியாத பக்கத்து இருக்கைக்காரரைத் தழுவிக்கொண்டு கண் கலங்குகிறான். இந்த மகிழ்ச்சி எத்தகையது? அறத்தின் உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால் இதன் மாற்று என்னவாக இருக்கும்?

இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட, நம் மாநிலத்தில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொள்வது நலம். 2019 ஆம் ஆண்டு மார்ச் 9 ஆம் நாள், கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி கால்பந்து அணி பஞ்சாபின் மினர்வா அணியை எதிர்கொண்டது. ஐ-லீக் போட்டியின் கடைசி நாள் அது. சென்னை சிட்டி அதற்கு முந்தைய பருவத்தில் பத்து அணிகளுள் எட்டாம் இடத்தில் முடித்த அணி. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் போன்ற பழம்பெரும் கழகங்களுக்கு இருந்த செல்வமோ, தலைமுறை தலைமுறையாக வந்த ரசிகர் கூட்டமோ அதற்கு இல்லை. அப்படிப்பட்ட அணி அன்று பட்டியலின் உச்சியில், ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி முன்னால் நின்றது. அதே மாலையில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் தன் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தது.

கோவையில் ஆட்டம் தொடங்கிய மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வா கோல் அடித்தது. இடைவேளை வரை அந்த ஒரு கோல் அப்படியே நின்றது. 56 ஆம் நிமிடத்தில் பெத்ரோ மான்சி பெனால்ட்டி வாய்ப்பைக் கோலாக்கினார். 69 ஆம் நிமிடத்தில் கௌரவ் போரா என்னும் தடுப்பாட்டக்காரர் இரண்டாவது கோலை அடித்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் மூன்றாவது கோலையும் அவரே அடித்தார். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் இரண்டுக்கு ஒன்று என வென்றது. சென்னை சிட்டி அன்று சமன் செய்திருந்தாலும் பட்டம் கைநழுவியிருக்கும். 20 ஆட்டங்களின் முடிவில் சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. அந்தப் பட்டத்தைத் தமிழ்நாட்டு அணி ஒன்று பெற்றது அதுவே முதன்முறை.

அன்று அரங்கில் இருந்தவர்களும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் சொன்ன சொல் ஒன்றே: "நாம் வென்றோம்." இந்த 'நாம்' என்னும் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அணியின் பெயரோ சென்னை. அது ஆடியதோ கோவையில். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூரைச் சேர்ந்தவர். மான்சியும் அணியின் வேறு சிலரும் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். இரண்டு கோல் அடித்த போரா அசாமியர். தமிழ்நாட்டு இளைஞர்களும் அணியில் இருந்தார்கள் என்பது உண்மையே. எனினும் 'நாம்' என்று கூவியவர்களுள் மிகப் பலருக்கு இவர்களோடு உறவும் இல்லை, அறிமுகமும் இல்லை. அப்படியிருக்க, அவர்கள் வென்றதை நாம் வென்றதாகச் சொல்வது எந்தக் கணக்கில் சேரும்?

கூட்டத்தின் 'நாம்' எவ்வளவு ஆற்றல் வாய்ந்தது என்பதைப் புனித அகுஸ்தினார் நன்கு அறிந்திருந்தார். தம் 'அறிக்கைகள்' நூலின் ஆறாம் பகுதியில் நண்பர் அலிப்பியுசைப் பற்றி எழுதுகிறார். உரோமை நகரில் வாள்வீரர் ஒருவரையொருவர் கொல்லும் காட்சியைக் காண அலிப்பியுசை நண்பர்கள் வலிந்து இழுத்துச் சென்றார்கள். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்தார். காதுகளை மூட மறந்தார். கூட்டம் ஒருமிக்க ஆர்ப்பரித்த கணத்தில் கண்கள் திறந்தன. அதன்பின் அவர், வந்தபோது இருந்த அலிப்பியுஸ் அல்லர், கூட்டத்தில் ஒருவர். கால்பந்து அந்தக் கொலைக்களம் அன்று என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விளையாட்டை ஐயுறுவோரோடு நமக்கு உடன்பாடும் இல்லை. உடலுக்கு உறக்கம் போல உள்ளத்துக்கு விளையாட்டு என்றும், மகிழத் தெரியாமல் பிறர் மகிழ்ச்சியையும் கெடுப்பது குறையே என்றும் புனித தாமஸ் அக்குவினாஸ் கருதினார். நாம் கேட்பது வேறு. கூட்டத்தோடு சேர்ந்து 'நாம்' ஆகிறவன், கூட்டம் கலைந்த பின்னும் 'நாம்' ஆக இருக்கிறானா?

சென்னை சிட்டியின் பிற்காலக் கதை இந்தக் கேள்விக்கு இனிய விடை தரவில்லை. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் அதில் பங்கு வாங்கியது. பெரிய நாள்கள் வரப்போவதாகப் பேசப்பட்டது. வரவில்லை. அணி சரிந்தது. 2021-22 பருவத்தில் ஐ-லீக்கில் ஆடிய அணிகளுள் அதன் பெயரே இல்லை. வென்ற மாலையில் 'நாம்' என்றவர்கள், அது மறைந்தபோது 'அவர்கள்' என்றார்கள். பலர் அதையும் சொல்லவில்லை. வெற்றியில் பங்கு கேட்பது எளிது. தோல்வியிலும் பங்கு கேட்பவனே அணியைச் சேர்ந்தவன். இங்கே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அன்று கோவையில் தோற்ற மினர்வா, அதற்கு முந்தைய பருவத்தில் அதேபோல் எவரும் எதிர்பாராமல் பட்டம் வென்ற சிறிய அணிதான். நேற்றைய எளியவர் இன்று நம் வழியை மறிப்பவர் ஆனார். நமக்கு அவர்மீது இரக்கம் எழவில்லை.

இனி, எளியவர் பக்கம் நிற்கும் இந்த விருப்பத்துக்கு வருவோம். நமக்குத் தொடர்பே இல்லாத இரு அணிகள் ஆடினாலும் மனம் தானாகச் சிறிய அணியின் பக்கம் சாய்கிறது. தாவீது, கோலியாத்து கதையைக் கேட்கும் சிறுவர் எவரும் கோலியாத்தின் பாசறையில் தம்மை வைத்துப் பார்ப்பதில்லை. கேட்பவர் எல்லாரும் கவண் ஏந்தியவரே. அவ்வாறாயின் அந்தப் பாசறையில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கே போனார்கள்? உலகில் எளியோரை ஒடுக்குவோர் இத்தனை பேர் இருக்க, எளியோரின் வெற்றிக்குக் கைதட்டாதவர் ஒருவரும் இல்லை என்பது எப்படி?

விடை கசப்பானது. திடலில் எளியவர் வெல்வதற்கு நாம் எதையும் இழக்க வேண்டியதில்லை. நம் வயலில் ஒரு குழி குறைவதில்லை. நம் தெருவில் நம் இடம் தாழ்வதில்லை. விலையில்லாத நீதி எவருக்கும் இனிக்கும்.

நம் தஞ்சைத் தரணியையே பார்ப்போம். இந்த நெல்லைப் பயிரிட்டவர்கள் கூலி நெல்லைச் சற்று உயர்த்திக் கேட்டபோது என்ன நிகழ்ந்தது? 1968 ஆம் ஆண்டு திசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு விழாவின் இரவில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மறு ஆண்டு வேளாண் தொழிலாளருக்கான நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதுவும் எளியோர் தம் சொந்த மண்ணில், எவரும் எதிர்பாராத வகையில், தாங்கொணா விலை கொடுத்துப் பெற்ற வெற்றியே. நிலம் உடையோரின் திண்ணைகளில் அதற்குக் கைதட்டியவர் எத்தனை பேர்? மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996 இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே அவர்கள் தேர்தல் வழியே தலைவராகிப் பணியாற்ற 2006 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தப் பத்தாண்டுகளிலும் அவ்வூர் வீடுகளில், எங்கோ ஒரு சிறிய நாடு கிரிக்கெட்டில் பெரிய நாட்டை வென்றபோது மகிழ்ந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. பிறரை ஏன் சொல்ல வேண்டும்? கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பிய கைகள் ஞாயிறுதோறும் செபமாலை பிடித்த கைகளே.

ஆகவே திடலில் தோன்றும் இந்த மகிழ்ச்சி பொய்யென்று தள்ளிவிடலாமா? அதற்கும் நாம் இசையோம். வலியவர் வெல்வதே இயற்கை என்பதை நம் உள்ளம் முற்றிலும் ஒப்புக்கொண்டிருந்தால், எளியவர் வென்றதும் அது துள்ளியிராது. உலகம் இருக்கும் முறை இருக்க வேண்டிய முறை அன்று என்று நமக்குள் ஏதோ ஒன்று அறிந்தே இருக்கிறது. ஆட்டம் அதை ஒரு கணம் வெளியே கொண்டுவந்து காட்டிவிடுகிறது. நம் பையில் நாமே அறியாமல் கிடந்த நாணயத்தைப் போன்றது அது. செல்லுபடியாகும் நாணயமே, நாம்தான் அதைச் செலவிடத் துணிவதில்லை.

துணிந்தவர்களும் உண்டு. 1966 ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஆட வட கொரிய அணி இங்கிலாந்துக்கு வந்தது. கொரியப் போர் ஓய்ந்து 13 ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தப் போரில் பிரித்தானியப் படைவீரரும் வட கொரியருக்கு எதிராகப் போரிட்டு மாண்டிருந்தனர். அவ்வணிக்கு ஒதுக்கப்பட்ட திடல் மிடில்ஸ்பரோ என்னும் எஃகுத் தொழிலாளர் நகரில் இருந்தது. அந்நகர மக்கள் உருவில் சிறிய அந்த அயலாரைத் தம்மவராக ஏற்றார்கள். சூலை 19 ஆம் நாள், உலகக் கோப்பையை இருமுறை வென்றிருந்த இத்தாலியைப் பாக் டூ-இக் அடித்த ஒரே கோலால் வட கொரியா வீழ்த்தியது. அடுத்த ஆட்டம் லிவர்பூலில். மிடில்ஸ்பரோ மக்கள் திரளாக அங்கும் சென்றார்கள். மூன்று கோல் முன்னிலை பெற்ற வட கொரியா, இறுதியில் போர்த்துகலிடம் ஐந்துக்கு மூன்று எனத் தோற்றது. பகைவர் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவரைத் தம் வீட்டுப் பிள்ளைகளாக எண்ணியவர்கள், வெற்றியில் அவர்களோடு இருந்தார்கள். தோல்விக்கும் உடன் சென்றார்கள். இங்கே மகிழ்ச்சிக்கு ஒரு விலை இருந்தது. அதை அவர்கள் கொடுத்தார்கள்.

இவ்வளவும் எண்ணும்போது, கும்பகோணத்திலிருந்து அணைக்கரை செல்லும் சாலையில் இருக்கும் திருப்பனந்தாள் நினைவுக்கு வருகிறது. அவ்வூர் கால்பந்துக்குப் பெயர் பெற்றதன்று. சம்பா அறுவடையான வயல்களிலும் அங்கே உளுந்தும் பயறும் முளைத்துவிடும். சிறுவர்களுக்கு விளையாட எஞ்சுவது வயலோரமும் வாய்க்கால் கரையுமே. ஆயினும் எளியவர் வெற்றியைப் பற்றி அவ்வூர்ச் சிவன் கோயிலில் வழங்கும் கதைக்கு நிகரானது எளிதில் கிடைக்காது. சமயம் வேறாயினும், காவிரிக்கரையில் வாழ்வோர் எல்லாருக்கும் அது பொதுச் சொத்து.

தாடகை என்னும் பெண் நாள்தோறும் இறைவனுக்கு மாலை சூட்டி வழிபட்டு வந்தாள். ஒருநாள் மாலையை ஏந்திக் கைகளை உயர்த்துகையில் ஆடை நெகிழ்ந்தது. முழங்கைகளால் ஆடையைப் பற்றிக்கொண்டவள் மாலையைச் சூட்ட இயலாமல் கலங்கி நின்றாள். அவளுடைய மானம் காக்க இறைவனின் திருவுருவம் தலை சாய்ந்து மாலையை ஏற்றது, சாய்ந்தபடியே நின்றது. ஒரு பெண்ணுக்காகப் பெரியவர் வளைந்தார் என்பதைப் பின்வந்த காலத்தால் பொறுக்க முடியவில்லை போலும். நேராகக் காண வேண்டும் என்று சோழ மன்னன் யானைகளைப் பூட்டி இழுப்பித்தான். யானைகள் இளைத்தன, படைவீரர் இளைத்தனர், சாய்வு நிமிரவில்லை.

அப்போது திருக்கடவூரிலிருந்து குங்கிலியக்கலயர் வந்தார். வீட்டில் அரிசி இல்லாமல் மனைவி கழற்றிக் கொடுத்த தாலியையும் விற்றுக் கோயிலுக்குக் குங்கிலியம் வாங்கிய ஏழை அவர். கழுத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவர் இழுக்கவே திருவுருவம் நிமிர்ந்தது என்பதை இப்பகுதியில் அறியாதவர் இல்லை. அவர் இழுக்க முன்வந்ததற்குச் சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறும் காரணத்தைக் கவனித்தோர் குறைவு. மன்னனால் ஆகாததை நான் செய்து காட்டுகிறேன் என்று கலயர் வரவில்லை. யானைகளும் சேனையும் இளைத்துக் கிடப்பதைக் கண்டு, அந்த இளைப்பைத் தாமும் பெற வேண்டும் என்று விரும்பினார்; அதற்காகவே கயிற்றை எடுத்தார். தோற்றவர்களின் களைப்பில் பங்கு கேட்டு வந்தவர் அவர்.

மன்னனோ, தன் யானைகளால் ஆகாததை ஓர் ஏழை முடித்துவிட்டார் என்று நாணவுமில்லை, சினக்கவுமில்லை. கலயரின் அடிகளில் வீழ்ந்து வணங்கினான். தன் ஊரில், தன் குடிமக்கள் முன்னிலையில் தோற்றவன் அவன். அன்று அங்கே நிறைந்த மகிழ்ச்சியில் அவன் பங்கும் இருந்தது.