பேராசை யாருடையது?

பணம் வாங்கிய கம்பெனி ஒன்று இழுத்து மூடப்பட்டால் டீக்கடையில் முதலில் வந்து விழுவது 'பேராசை பெரு நஷ்டம்'தான். ஏமாற்றியவனுக்கு அல்ல, ஏமாந்தவர்களுக்கு. 2022இல் ஆருத்ரா விவகாரம் வெடித்தபோதும் இதே கதை. லட்சம் கட்டினால் மாதம் முப்பதாயிரம் என்ற பேச்சை நம்பி, சுமார் ஒரு லட்சம் பேர் ரூ.2,438 கோடி கட்டியதாகப் போலீஸ் சொன்னது. "இவ்ளோ வட்டி எவன் குடுப்பான், இதுகூடவா தெரியாது?" என்று படித்தவர்கள் கேட்டார்கள்.

தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? லண்டனின் பேரிங்ஸ் வங்கி 1762இல் தொடங்கியது. இங்கிலாந்து ராணியும் அதன் வாடிக்கையாளர். அதன் சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் 1992 முதல் 88888 என்ற கணக்கில் நஷ்டத்தை ஒளித்தார். ஒளித்ததை மீட்க மேலும் பந்தயம். 1995 ஜனவரியில் கோபே பூகம்பத்துக்குப் பின் ஜப்பான் சந்தை சரிந்தபோதும் நிறுத்தாமல் இன்னும் பெரிய பந்தயம். 82 கோடி பவுனுக்கு மேல் போயிற்று, வங்கியும் போயிற்று. லண்டன் மேலிடமோ கடைசிவரை கேட்டபோதெல்லாம் பணம் அனுப்பியது. லாபக் கணக்கு வந்தால் போனஸ் வருமே! அந்தச் சீமான்களுக்கு யாரும் பழமொழி சொல்லவில்லை. லீசன் சுவருக்குப் பூச்சு வேலை செய்தவரின் மகன் என்பதைப் பத்திரிகைகள் எழுதத் தவறவில்லை.

லாபத்தில் நிற்பவன் தயங்குவான், நஷ்டத்தில் நிற்பவன் துணிவான் என்று கானமன், துவர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் எழுதினார்கள். சேரியில் பிறந்தவன் எந்தப் பக்கம் நிற்கிறான்? கந்துவட்டி ஒரு பக்கம், ஜாமீன் கேட்கும் வங்கி ஒரு பக்கம், மகளின் காலேஜ் பீஸ் ஒரு பக்கம். அவள் அம்மா கட்டியது சொந்தக் கம்மலை அடகு வைத்த காசு. மோசடிக்காரன் பந்தயம் கட்டுவது அடுத்தவள் கம்மலை வைத்து. இரண்டையும் 'ஆசை' என்ற ஒரே சொல்லில் அடைக்க நான் தயாராக இல்லை.

சங்கடம் ஏஜெண்டு விஷயத்தில்தான். அவன் வெளியாள் இல்லை, நம்ம தெருப் பையன். வேறொரு கம்பெனி, பேர் வேண்டாம். அவனும் பணம் கட்டினான், முதல் மாத வட்டி கைக்கு வந்தது, அத்தையிடமும் சித்தியிடமும் சொன்னான். பின்னால் கட்டுபவர் காசுதான் முன்னால் கட்டியவருக்கு வட்டியாக வருகிறது என்று அன்றைக்கு அவனுக்குத் தெரியாது. வட்டி நின்ற பிறகு? "இன்னும் ரெண்டு பேர் சேந்தா சரியாப்போயிடும்" என்றானாம். லீசன் ஒவ்வொரு நாளும் நினைத்ததும் இதைத்தானே.

போலீசில் சொல்வதா என்று தெருக்கூட்டத்தில் கேட்டார்கள். ரசீதுகளை எடுத்துத் தேதி பாருங்கள் என்றேன். வட்டி நின்ற நாளுக்கு அப்புறம் ஒரு ரசீது இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், நம்ம பையனா இருந்தாலும்.