தேளின் வாலும் பெண்ணின் வாழ்வும்

மாசித் திங்களில், பொழுது புலர ஒன்றரை மணி நேரம் இருக்கையில், தென்கிழக்கு வானை நோக்குவோம். செக்கச் சிவந்த விண்மீன் ஒன்று தென்படும். அதுதான் கேட்டை. செவ்வாய்க்கு நிகராகச் சிவந்திருப்பதால் ‘அண்டாரெஸ்’ என்று அதற்குப் பெயரிட்டனர் கிரேக்கர். அதற்குக் கீழே, தெற்கு நோக்கிக் கொக்கி போல் வளைந்து கிடக்கும் விண்மீன் வரிசை தேளின் வால். அதுவே மூலம்.

நிலவு ஏறத்தாழ 27 நாட்களில் வானை ஒருமுறை வலம் வருகிறது. அவ்வழியை 27 பகுதிகளாக வகுத்து, அருகிலிருந்த விண்மீன்களின் பெயர்களை முன்னோர் இட்டனர். நாளை அளக்க அறிவு தந்த கோல் அது. அந்தக் கோலை எடுத்துத்தானா பெண்ணை அடிப்பது?

“ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்” என்கிறார்கள். ஒரே ஊரில், ஒரே நாழிகையில் ஆணும் பெண்ணுமாய் இரு குழந்தைகள் பிறக்கின்றன. வானில் அதே நிலவு, அதே வால். அவனுக்கு அரியணையாம்; அவள் புகுந்த வீட்டில் மாமனார் உயிருக்கு உலையாம்! கேட்டையில் பிறந்தவள் மூத்த மைத்துனனுக்கு ஆகாதவள், ஆயில்யத்தில் பிறந்தவள் மாமியாருக்கு ஆகாதவள் என்று பட்டியல் நீள்கிறது. (வானத்துத் தேளின் வாலைத் துண்டித்துத் தனுசு ராசியில் சேர்த்திருக்கிறது பஞ்சாங்கம். அதைக் கேட்பாரும் இல்லை.)

அந்த மீன்களுள் பலவும் நூற்றுக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளவை. அவற்றிலிருந்து இன்று நம் கண்ணில் படும் ஒளி, அந்தப் பெண்ணும் மாமனாரும் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே புறப்பட்டுவிட்டது.

“ஆனி மூலம், பின் மூலம் என்பதே பழமொழி, அது மருவிவிட்டது” என்று சமாதானம் கூறுவார் உளர். இருக்கட்டும். மருவிய சொல் ஏன் பெண்ணின் தலைமீதே வந்து விழுந்தது? பின் மூலத்தில் பிறந்தவர் மட்டும் என்ன பிழை செய்தார்?

“எதற்கு வம்பு? நம்பாவிட்டாலும் ஒதுங்கிப் போவது நல்லதல்லவா?” என்பார் படித்தவர். நம் வினாவெல்லாம் இவரிடத்தில்தான். தமக்குத் தீங்கு நேருமோ என்னும் வெறும் ஐயத்துக்காக, யாதொரு தீங்கும் செய்யாத ஒருத்தியின் வாழ்வைத் தட்டிவிடுவது அறமா? நம்பிச் செய்பவனிடம் அறியாமையேனும் உண்டு. நம்பாமலே செய்பவரிடம் என்ன உண்டு? அவர் ஒதுங்கிய வாயில்தோறும் ஒரு தந்தை ஜாதகத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்புகிறார். வேறு வழியின்றி, மகள் பிறந்த நேரத்தையே மாற்றி எழுதவும் துணிகிறார். மறுத்தவர் மனிதர், பழி மட்டும் விண்மீனுக்கு!

வரும் மாசியில், மூலத்தில் பிறந்தவள் என்று ஒதுக்கப்பட்ட பெண்களை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று அந்த வாலைக் காட்டுவோம். நுனியில் இரண்டு மீன்கள் நெருங்கி நிற்கும். ஐந்தரை மணிக்குள் பார்த்துவிட வேண்டும். அதன்பின் கிழக்கு வெளுத்துவிடும்.