முன்னாள் கணவரின் வீட்டில் வாடகைக்கு

மணமுறிவுக்குப் பிறகு அந்த இருவரும் ஒருவருக்கொருவர் யார்? மார்க்க அறிஞர்கள் நூற்றாண்டுகளாகப் பேசிவரும் கேள்வி இது. கிழக்கு லண்டனில் சனிக்கிழமைகளில் நம் ஆட்களுக்குப் படிவம் நிரப்பியும் மொழிபெயர்த்தும் கொடுக்கிற எனக்கு அது ஒரு கவுன்சில் கடிதமாக வந்து சேர்ந்தது.

கடிதத்தைக் கொண்டுவந்த ராத்தாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. அவரும் ஹாஜியாரும் செய்துகொண்டது இருவருக்குமே இரண்டாவது நிக்காஹ். முதல் துணைகள் மவுத்தாகிப் பல வருடங்கள் கழித்து, உறவினர் ஒருவரின் வீட்டு ஹாலில் ஆலிம் ஒருவர் ஓதி நடத்திவைத்தார். பதிவு அலுவலகத்துக்கு யாரும் போகவில்லை. இந்த வயசில என்னத்துக்கு என்று விட்டுவிட்டார்கள். ஹாஜியாரின் ஒரு படுக்கையறை ஃப்ளாட்டில் குடித்தனம். ஒத்துவரவில்லை, தலாக் ஆனது. தலாக்குக்குப் பின் பெண் காத்திருக்கும் இத்தாக் காலம் முழுக்க ஃப்ளாட்டை ராத்தாவிடம் விட்டுவிட்டு ஹாஜியார் மகன் வீட்டில் போய் இருந்தார். வாடகை என்ற பேச்சே அப்போது எழவில்லை. இத்தா முடிந்த பிறகுதான், மாதம் 900 பவுண்டு என்று பேசி ஒப்பந்தம் எழுதினார்கள். அந்தத் தெருவில் யாரும் அவ்வளவு குறைவாக வாடகை வாங்குவதில்லை.

அந்த ஒப்பந்தத்தை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். கடையில் கிடைக்கும் அச்சடித்த ஆங்கிலப் படிவம். அதன் தலைப்பில், அச்செழுத்துகளுக்கு மேலே, நீல மையில் அரபியில் பிஸ்மில்லாஹ். கடைசிப் பக்கத்தில் இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. படிவத்தில் சாட்சிக்கென்று இடமே இல்லை. ஓரத்தில் கோடு போட்டு எழுதியிருந்தார்கள். தவணைக் கடனை எழுதிவைக்கவும் சாட்சி வைக்கவும் சொல்லும் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். ஹாஜியார் அதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறார். கூடவே ஒரு ரசீதுப் புத்தகமும் இருந்தது. இரண்டு மாத வாடகை நிலுவை. அந்த இரண்டு தாள்களின் ஓரத்திலும் அவர் கையால் ‘பிறகு தரலாம்’ என்று எழுதியிருந்தது.

ராத்தா ஹவுசிங் பெனிஃபிட்டுக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். ஓய்வூதிய வயதினருக்கான 2006ஆம் ஆண்டு ஹவுசிங் பெனிஃபிட் விதிகளில் 9ஆவது விதி, யாருக்கெல்லாம் வாடகைப் பொறுப்பு இல்லாததாகக் கருதப்படும் என்று பட்டியலிடுகிறது. அதில் ‘சி’ பிரிவு சொல்வது இதுதான்: முன்னாள் துணைக்கு வாடகை கொடுக்கிறீர்கள், அதுவும் இருவரும் சேர்ந்து வாழ்ந்த அதே வீட்டுக்கு என்றால், அந்த வாடகை உதவித்தொகைக் கணக்கில் வராது. நீங்கள் உண்மையாகவே வாடகை கட்டுகிறீர்களா என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. ஒப்பந்தமும் ரசீதும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இருந்தும் பயனில்லை.

பட்டியலை இன்னும் கீழே படித்துக்கொண்டு போனால், துறவு மடத்தின் முழுப் பராமரிப்பில் வாழும் மடத்து உறுப்பினர்களும் அதில் வருகிறார்கள். அவர்களும் மடத்துக்கு வாடகை கொடுப்பதாகச் சொல்லி உதவி கேட்க முடியாது. அதில் எனக்குக் குறை தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனவருக்கும் மடத்துக்கும் இடையே கணக்கு வழக்கு இல்லை. அந்த உறவு இன்னும் உயிரோடு இருக்கிறது. முறிந்துபோன நிக்காஹுக்கும் சட்டம் அதே நியாயத்தைப் பூட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

என் மார்க்கம் பிரிவைப் பிரிவாகவே எடுத்துக்கொள்கிறது. அத்தலாக் என்று மணமுறிவின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் குர்ஆனில் இருக்கிறது, 65ஆவது. இத்தாக் காலத்தில் மனைவியை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது, கணவன் தன் வசதிக்கேற்ப அவளுக்குத் தங்குமிடம் தர வேண்டும் என்கிறது அது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு அந்தக் காலம் மூன்று மாதம். திரும்ப அழைக்க முடியாத தலாக் என்றால், கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு இருப்பிடம் உண்டு, ஜீவனாம்சம் இல்லை என்பது நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹப் எனும் சட்டப் பள்ளியின் நிலை. ஹனஃபியில் இரண்டும் உண்டு. ஹன்பலியில் இரண்டும் இல்லை. இதைப் பற்றி எத்தனையோ நூல்கள் வாதாடியிருக்கின்றன. ஆனால் இத்தா முடிந்த பின் அவர் அந்நியர் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே சண்டையில்லை. அந்நியரோடு செய்யும் எந்த ஒப்பந்தத்துக்கும் உள்ள கனம் அவரோடு செய்யும் ஒப்பந்தத்துக்கும் உண்டு. வாடகை பேசலாம், பேசியதைக் கொடுத்தாக வேண்டும், கொடுக்காமல் மவுத்தானால் அது கடன்.

“இப்ப நான் அவருக்கு வேறாள்தானே மகள்? வேறாள் வீட்டில சும்மா இருக்கேலாதே” என்றார் ராத்தா. ஒரு முஃப்தி இரண்டு பக்கத்தில் எழுதுவதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

இதைவிட ஆழமாக என்னைத் தைத்த விஷயம் ஒன்று உண்டு. ராத்தாவின் நிக்காஹ் இந்த நாட்டுச் சட்டத்தின்முன் திருமணமே இல்லை. 1949ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் கேட்கும் முறைகள் எதுவும் அந்த வீட்டு ஹாலில் நடக்கவில்லை. இப்படிப்பட்ட நிக்காஹ், செல்லாத திருமணம் என்ற பெயருக்குக்கூட வராது என்று 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செல்லாத திருமணம் என்று ஒப்புக்கொண்டால்கூட, 1973ஆம் ஆண்டு மணவழக்குச் சட்டத்தின்கீழ் சொத்தில் பங்கு கேட்க ஒரு வழி இருக்கும். அதுவும் அடைபட்டது. பதிவுத் திருமணம் செய்த மனைவிக்கு, வீடு கணவன் பேரில் இருந்தாலும் மணவாழ்வு நீடிக்கும்வரை அங்கே குடியிருக்கும் உரிமையை 1996ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் தருகிறது. ராத்தாவுக்கு அதுவும் என்றுமே இருந்ததில்லை.

ஆகவே வீட்டில் பங்கு கேட்டுப் போனால், நீ மனைவியாக இருந்ததே இல்லை என்பது பதில். வாடகைக்கு உதவி கேட்டுப் போனாலோ, கணவன் மனைவிபோல் ஒரே குடும்பமாக வாழ்ந்தவர்கள் எல்லோரும் துணைகளே, பதிவு தேவையில்லை, ஆகவே நீ அவருடைய முன்னாள் துணை என்பது பதில். இரண்டு சட்டங்களும் தனித்தனி நோக்கத்துக்கு எழுதப்பட்டவை என்று வழக்கறிஞர்கள் விளக்குவார்கள். அந்த விளக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு பதிலையும் வாங்கிக்கொண்டு நிற்பவர் ஒரே பெண். ஒரு மனுஷியின் வாழ்க்கையில் நடந்ததை, அவருக்குத் தர வேண்டியது வரும்போது நடக்கவில்லை என்றும், மறுக்க வேண்டியது வரும்போது நடந்தது என்றும் சொல்வதை எந்த நீதிநூலும் நீதி என்று ஏற்காது. எங்கள் சமூகத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஓதிவைக்கும் ஆலிம்கள் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் ஓதமாட்டோம் என்று நின்றால் பாதித் துன்பம் வராது. வயதானவர்கள்தானே என்று விட்டுவிடுவது பெரிய தவறு; வீடு யாருக்கு என்ற கேள்வி வயதான காலத்தில்தான் வந்து நிற்கிறது.

கவுன்சிலின் அச்சம் பொய்யானது என்று நான் சொல்லவில்லை. பிரிந்துவிட்டோம் என்று தாளில் எழுதிவிட்டு ஒரே வீட்டில் இருந்தபடி அரசுப் பணத்தில் வீட்டுக்கடனைக் கட்ட நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வரி கட்டுகிற ஏழையின் பணம். அதைத் திருடுவது ஹராம். ஆனால் அந்தத் திருட்டைப் பிடிக்க அதே விதியிலேயே வேறு இரண்டு பிரிவுகள் உண்டு. வணிக அடிப்படையில் இல்லாத வாடகைக்கு உதவி கிடையாது. உதவித்தொகையைக் குறிவைத்துச் செய்த ஏற்பாட்டுக்கும் கிடையாது. இரண்டிலும் அதிகாரி விசாரித்து, ஆதாரத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ‘சி’ பிரிவில்தான் விசாரணையே இல்லை. முன்னாள் கணவர் இயக்குநராக இருக்கும் கம்பெனிக்கு வாடகை கொடுப்பவருக்குக்கூட, இது உதவித்தொகைக்காகச் செய்த ஏற்பாடு அல்ல என்று நிரூபிக்க விதி இடம் கொடுக்கிறது. நேரடியாக அவருக்கே கொடுப்பவருக்கு அந்த இடம் இல்லை. வேலை வயதினருக்காக 2013இல் வந்த யூனிவர்சல் கிரெடிட் விதிகளில் முன்னாள் துணை பற்றிய இந்தத் தடையே கிடையாது. வணிக அடிப்படையா, ஜோடிப்பா என்று மட்டும் பார்க்கிறார்கள். நாற்பது வயதில் ராத்தா இதே நிலையில் இருந்திருந்தால் தன் உண்மையை நிரூபிக்க வாய்ப்பாவது கிடைத்திருக்கும்.

வணிக அடிப்படை என்ற அந்தச் சோதனையும் என் மனதை உறுத்தாமல் இல்லை. ‘சி’ பிரிவுக்குத் தேவைப்படாவிட்டாலும் அதையும் விசாரித்த அதிகாரி ஹாஜியாரிடம் கேட்டது வழக்கமான கேள்விதான்: உதவித்தொகை வராவிட்டால் இவரை வெளியேற்றுவீர்களா? “அல்லாஹ்வுக்குப் பயந்தவன் நான். இந்த வயசில ஒரு பொம்பிளைய ரோட்டில விடமாட்டன்” என்றார் அவர். நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். மறுப்புக் கடிதத்தில் அந்தப் பதிலும், ரசீது ஓரத்தில் எழுதியிருந்த ‘பிறகு தரலாம்’ என்பதும் அவருக்கு வாடகையில் அக்கறை இல்லை என்பதற்கு அடையாளமாக எழுதப்பட்டிருந்தன. கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்வது பகரா 280. கடனை எழுதிவைக்கச் சொல்லும் வசனத்துக்கு இரண்டு வசனம் முன்னால் இருக்கிறது. அவகாசம் கொடுத்ததால் கடன் இல்லாமல் போய்விடவில்லை. கடன் இருப்பதால்தான் அவகாசமே. ஒரு மனிதர் இரண்டு கட்டளைகளையும் சேர்த்துப் பின்பற்றியதை, ஒன்று பொய் என்பதற்கு மற்றது சாட்சி என்று படித்துவிட்டார்கள். அந்நியரான வீட்டுக்காரர் இரண்டு மாதம் பொறுத்தால் நல்ல மனிதர் என்போம். முன்னாள் கணவர் பொறுத்தால் மட்டும் அது ஏன் கூட்டுச்சதியாக வேண்டும்?

மேல்முறையீடு செய்யலாமா என்று பார்த்தோம். ‘சி’ பிரிவு அப்படியே இருக்கும்போது ட்ரைப்யூனலாலும் அதைத் தாண்ட முடியாது. மகனுடைய கம்பெனி பேரில் ஃப்ளாட்டை மாற்றிவிடலாமா என்று ஹாஜியார் கேட்டார். மறுப்பு வந்த பிறகு அப்படி மாற்றினால் அதுதான் உண்மையிலேயே உதவித்தொகைக்காகச் செய்த ஏற்பாடாகிவிடும், வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, பொய்யில பறக்கத் இல்ல என்றார்.

ராத்தா இரண்டு பஸ் தூரத்தில் வேறொருவரின் ஃப்ளாட்டுக்குக் குடிபோனார். அங்கே வாடகை கூடுதல். கவுன்சில் தன் உச்சவரம்பு வரை கொடுக்கிறது. அந்தத் தொகையே ஹாஜியார் கேட்ட 900ஐத் தாண்டுகிறது. கம்பெனி வழியாக வாடகை கொடுப்பவருக்கு நிரூபிக்க இடம் கொடுக்கும் அந்த ஒரே வாக்கியத்தை ‘சி’ பிரிவுக்கும் நீட்டும்படி கேட்டு எங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதியிருக்கிறேன். கடிதத்தோடு அந்த ஒப்பந்தத்தின் நகலையும் பெயர்களை மறைத்து இணைத்திருக்கிறேன், சாட்சிகளுக்குக் கோடு போட்ட பக்கத்தையும் சேர்த்து.