உரிமை கேட்போர்க்கும் விரதம் வேண்டும்

ஒரு பொருளின்மீது உரிமை கோருவோர் ஒன்றுகூடிச் சங்கம் அமைப்பது உலக வழக்கு. நிலத்துக்காகவும் நீருக்காகவும் கூலிக்காகவும் வழிபாட்டுக்காகவும் சங்கங்கள் தோன்றியுள்ளன. அத்தகைய சங்கம் தன் உறுப்பினருக்கு வேண்டியதைப் பெற்றுத் தந்துவிட்டால் அதன் கடமை முடிந்துவிடுமா? அன்றி, கைக்கு எட்டியதிலும் சிலவற்றை விட்டு விலக அவர்களைப் பழக்குவதும் அதன் கடமையா? இவ்வினாவை நம் திருவறம் கூறும் இல்லறத்தார் விரதங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நமக்குச் சற்றும் தொடர்பில்லாதவர்போல் தோன்றும் ஒரு கூட்டத்தாரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அவர்கள் அமெரிக்க நாட்டில் பாறை ஏறுவோர்.

பாறை ஏறுவோர் சங்கம்

செங்குத்தான பாறையில் கை கால்களின் வலிமையாலேயே ஏறுவது அந்நாட்டில் பலர் விரும்பும் விளையாட்டு. விழுந்தால் தாங்குவதற்குக் கயிறு உண்டு. அக்கயிற்றைப் பிணைக்கச் சில இடங்களில் பாறையைத் துளைத்து எஃகு போல்ட்டுகளைப் பதிப்பார்கள். வியர்வையால் கை வழுக்காதிருக்க மக்னீசிய வெண்பொடியைத் தடவிக்கொள்வார்கள். அதன் கறை பாறையில் தங்கும். ஏறுவோர் பெருகப் பெருக, நிலத்துக்கு உரியவர்கள் வழியை அடைக்கத் தொடங்கினர். தனியாருக்கோ, விழுந்தவர் தம்மீது வழக்குத் தொடுப்பாரோ என்ற அச்சம். அரசினருக்கோ, பறவைக் கூடுகளும் பழைய பாறை ஓவியங்களும் கெடுமோ என்ற கவலை.

இந்நிலையில் 1991ஆம் ஆண்டில் அக்செஸ் ஃபண்ட் என்னும் அமைப்புத் தனித்து இயங்கத் தொடங்கியது. ஊர்தோறும் பாறை ஏறுவோர் அமைத்த சிறு சங்கங்களுக்கு இது துணை நிற்கிறது. இச்சங்கங்களின் பணி கூட்டம் போட்டு முழங்குவதன்று. நில உரிமையாளரை நேரில் கண்டு பேசுதல், நடைபாதையைச் செப்பனிடுதல், குப்பை அள்ளுதல், வண்டி நிறுத்துவதற்கு ஒழுங்கு செய்தல், அதிகாரிகளின் ஆலோசனைக் கூட்டங்களில் பொறுமையுடன் அமர்தல் ஆகியவையே பெரும்பகுதி. கென்டக்கி மாநிலத்தின் ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் ஏறுவோர் சங்கம் ஒன்று 2004இல் ஏறத்தாழ 750 ஏக்கர் நிலத்தை விலைக்கே வாங்கிப் பொதுப் பயனுக்கு வைத்தது. உரிமை வேண்டுவோர் அதன் சுமையையும் தோளில் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பதை அவர்கள் அனுபவத்தால் கற்றனர்.

பறவைக்காக விலகுதல்

செங்குத்துப் பாறைகளில் வல்லூறுகள் கூடு கட்டும். டி.டி.டி. என்னும் பூச்சிமருந்தின் நஞ்சால் முட்டையோடு மெலிந்து உடைந்தமையால் பொரி வல்லூறு என்னும் இனம் அந்நாட்டின் பல பகுதிகளில் அருகிப்போயிற்று. அம்மருந்து 1972இல் தடைசெய்யப்பட்டது. காப்பு முயற்சிகளின் பயனாய் அப்பறவை பெருகி, 1999இல் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இன்றும் பல பாறைகளில் கூடு கட்டும் மாதங்களில் ஏறுவது நிறுத்தி வைக்கப்படுகிறது. குஞ்சுகள் பறந்து சென்றபின் வழி மீண்டும் திறக்கப்படும். ஏறுவோரில் பலர் கூடுகள் எங்குள்ளன என்று கண்டு அதிகாரிகளுக்குச் சொல்லவும் செய்கின்றனர்.

கார்காலத்தில் எண்ணற்ற சிற்றுயிர்கள் தோன்றும். நடந்தால் அவை மிதிபடும். ஆதலின் நம் முனிவர்கள் நான்கு திங்கள் ஓரிடத்தே தங்குகின்றனர். அந்த ஏறுவோர் ‘சாதுர்மாஸ்யம்’ என்னும் சொல்லைக் கேட்டிருக்கமாட்டார்கள். எனினும் பிற உயிரின் பருவத்துக்கு ஏற்பத் தம் நடையை அடக்கிக்கொள்ளும் இச்செயல் அதற்கு உறவானதே.

கரடியின் இல்லம்

பறவைக்கு விலகுவது எளிது. பிறர் நம்பிக்கைக்கு விலகுவது அரிது. வயோமிங் மாநிலத்தில் டெவில்ஸ் டவர் என்னும் பெரும்பாறை உள்ளது. அடியிலிருந்து உச்சிவரை 867 அடி. நெருக்கி நிறுத்திய கல்தூண்களின் கட்டுப்போல நிற்கும். 1906இல் அமெரிக்காவின் முதல் தேசிய நினைவுச்சின்னமாக அது அறிவிக்கப்பட்டது. லகோட்டா மக்கள் அதனைக் கரடியின் இல்லம் என்னும் பொருள்பட ‘மாதோ திபிலா’ என்பர். இருபதுக்கு மேற்பட்ட பழங்குடிகளுக்கு அது புனித இடம். அவர்கள் நோன்பும் சடங்கும் மேற்கொள்ளும் காலங்களில் ஜூன் மாதம் சிறப்பானது. ஏறுவோருக்கோ, உலகில் வேறெங்கும் கிடைத்தற்கரிய பாறை அது.

1995இல் தேசியப் பூங்காத் துறை ஒரு திட்டம் வகுத்தது. ஜூன் மாதத்தில் ஏறவேண்டா என்று யாவரையும் கேட்டுக்கொள்வது; ஏறுவோரைத் தண்டிப்பதில்லை; ஆனால் கூலிக்கு வழிகாட்டுவோருக்கு அம்மாதத்தில் உரிமம் தருவதில்லை என்பன அதன் கூறுகள். சிலர் வழக்குத் தொடுத்தனர். அரசு ஒரு சமயத்துக்குச் சார்பாக நடக்கிறது என்பது அவர்கள் வாதம். உரிம மறுப்பை 1996இல் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அரசும் அதனைக் கைவிட்டது. எஞ்சிய வேண்டுகோள் செல்லும் என்று 1998இல் தீர்ப்பாயிற்று. அக்செஸ் ஃபண்ட் அவ்வேண்டுகோளை ஆதரித்தது. தொடக்க ஆண்டுகளில் ஜூன் மாதத்தில் ஏறுவோர் தொகை ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தது. காவலர் தடுக்கவில்லை, அபராதமும் இல்லை. இருந்தும் பெரும்பாலோர் விலகி நின்றனர். பின்னாளில் அத்தொகை மெல்ல ஏறத் தொடங்கியது என்பதையும் மறைத்தல் ஆகாது.

தேசவிரதம்

நம் நூல்கள் கூறும் குணவிரதங்களில் திசைவிரதம் என்பது, இத்திசையில் இவ்வளவு தொலைவுக்கு அப்பால் செல்லேன் என்று வாழ்நாள் முழுமைக்கும் எல்லை வகுத்தல். அவ்வெல்லையையும் ஒரு நாள், ஒரு பக்கம், ஒரு திங்கள் எனக் குறித்த காலத்துக்கு மேலும் சுருக்கிக்கொள்வது தேசவிரதம். செல்ல இயலாத இடத்துக்குச் செல்லாதிருப்பது விரதமாகாது. செல்ல வலிமையும் உரிமையும் இருந்தும் ‘இத்திங்கள் செல்லேன்’ என்பதே விரதம். ஜூன் மாதத்து விலகல் இவ்விலக்கணத்துக்கு முற்றும் பொருந்துவதைக் காண்க.

அநர்த்ததண்ட விரதமும் இங்கே கருதத்தக்கது. பயனின்றி மண்ணைக் கிளறுதலும் செடி கொடிகளை ஒடித்தலும் குற்றம் என்று அது கூறும். மண்ணிலும் கல்லிலும் பிருதிவிகாயிக உயிர்கள் உள என்று கொள்ளும் நமக்கு, விளையாட்டுக்காகப் பாறையைத் துளைப்பது பொருட்படுத்தத்தக்க செயலே. அவ்வாறாயின் இவ்விளையாட்டையே விலக்கிவிடலாமே எனின், இல்லறத்தார் எல்லாரும் மகாவிரதிகள் அல்லர். இன்பத்தை முற்றும் துறக்காதவர்க்கு அதன் அளவைச் சுருக்கும் வழியைக் காட்டுவதற்கே அணுவிரதம் வகுக்கப்பட்டது.

கேட்டுக்கொண்டும் விலகாவிடின்?

நெவாடா மாநிலத்தில் தாஹோ ஏரிக்கரையில் கேவ் ராக் என்னும் பாறை உள்ளது. வாஷோ மக்களுக்கு அது மிகுந்த ஆற்றலுடைய இடம். சமயப் பயிற்சி பெற்றவர் தவிர, அவ்வினத்தாரே அதனை அணுகுவதில்லை. 2003இல் வனத்துறை அங்கு ஏறுவதை முற்றிலும் தடைசெய்தது. இங்கே அக்செஸ் ஃபண்ட் வழக்குத் தொடுத்தது. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தடை செல்லும் என்றே கூறிற்று. ஏறுவோர் சார்பில் சொல்லப்பட்ட நியாயம் ஒன்று சிந்தனைக்குரியது. நெடுஞ்சாலைக்காக அப்பாறையைக் குடைந்து 1931லும் 1957லும் இரு சுரங்கவழிகள் அமைக்கப்பட்டன. ஊர்திகள் நாள்தோறும் அதனூடே செல்ல, எம்மை மட்டும் தடுப்பது முறையோ என்று கேட்டனர்.

இக்கேள்வியில் உண்மை இல்லை என்று கூறமாட்டேன். ஒரு கோணத்து உண்மை உண்டு. ஆனால் பிறர் முன்பு செய்த பெருங்கேடு, நாம் இன்று செய்யும் சிறுகேட்டுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. அன்றியும், அனேகாந்தம் என்பது எல்லாக் கோரிக்கைகளும் ஒரே எடையுடையன என்பதன்று. ஒவ்வொரு கோணத்தையும் கேட்டபின், யாருடைய இழப்பை ஈடுசெய்ய முடியாது என்று பார்க்கவேண்டும். ஏறுவோருக்கு வேறு பாறைகள் உண்டு. வாஷோ மக்களுக்கு வேறு கேவ் ராக் இல்லை. இத்தகைய இடத்தில் சட்டம் தடுப்பது தவறாகாது என்பதே என் துணிபு. எனினும் ஆசிரியப் பயிற்சியில் முதற்பாடமாகக் கற்ற ஓர் உண்மை இங்கும் பொருந்தும்: பிரம்புக்கு அஞ்சிய ஒழுங்கு, ஆசிரியர் வகுப்பறையை விட்டு வெளியேறும்வரைதான் நிற்கும். சட்டம் காலைத் தடுக்கும். மனத்தைத் திருப்புவது விரதமே.

நம் மலைகள்

பிறரை அளந்த கோலால் நம்மையும் அளந்துகொள்ள வேண்டும். இருபது தீர்த்தங்கரர்கள் முக்தி எய்திய சம்மேத சிகரம் ஜார்க்கண்ட் மாநிலத்துப் பார்சுவநாத மலை. அதனைச் சுற்றுலாத் தலமாக்கலாகாது என்று நம் சமூகத்தார் நாடெங்கும் குரல் எழுப்பியதும், 2023 ஜனவரி 5ஆம் நாள் மத்திய அரசு அங்குச் சுற்றுலா நடவடிக்கைகளை நிறுத்திவைத்ததும் நாம் அறிந்தவை. அன்று நாம் டெவில்ஸ் டவர் பழங்குடிகளின் நிலையில் நின்றோம். ஆனால் அதே மலையைச் சந்தால் மக்கள் ‘மராங் புரு’ என்று போற்றுகின்றனர். தங்கள் வழிபாட்டு உரிமை பறிபோகுமோ என்று அதே மாதத்தில் அவர்களும் திரண்டனர். அவர்களை நோக்க நாம் எந்நிலையில் நிற்கிறோம்? நம் புனிதத்தைப் பிறர் மதிக்கக் கேட்ட வாயால், அவர்கள் புனிதத்தை நாம் கேளாதிருத்தல் அறமன்று.

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் இதே நிலை. கீழக்குயில்குடிச் சமணர் மலையின் மேலே தீர்த்தங்கரர் திருமேனிகள். அடிவாரத்திலே ஊர்மக்கள் வழிபடும் அய்யனார். 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் கற்படுக்கைகளும் உள்ளன. பாறைகளில் வல்லூறுகளும் வாழ்கின்றன. அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்கும் ஏலத்தை எதிர்த்து நின்றவர்கள் அவ்வட்டாரத்துச் சிற்றூர் மக்கள். 2025 ஜனவரியில் அது கைவிடப்பட்டது. நம் முனிவர்களின் கற்படுக்கைகளைக் காத்ததில் அம்மக்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆதலின் நம் மலைகளைக் காக்க இளைஞர் சங்கம் அமைப்போர், கோரிக்கை மனு எழுதும் நாளிலேயே தம் உறுப்பினர்க்குரிய விரதங்களையும் எழுதி வைப்பார்களாக. கற்படுக்கையில் ஏறி அமரேன்; கல்வெட்டின்மேல் சுண்ணப்பொடி தடவேன்; குப்பையை மேலே விட்டு வாரேன்; பறவை கூடு கட்டும் பருவத்தில் அப்பாறைப்பக்கம் செல்லேன்; ஊர்மக்களின் திருவிழா நாளில் அவர்களுக்கு இடையூறு செய்யேன் என்பன போதும். இவ்வைந்தும் எளியவை. இவற்றைத் தாமே ஏற்றுக் காட்டிய பின்னரே, வழியை அடைக்காதீர் என்றோ மலையை உடைக்காதீர் என்றோ பிறரிடம் கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும்.