ஒரு கேள்வியைக் கொண்டு ஓர் அபேட்சகரை எடை போடலாமா?

ஒரு மனிதரை ஒரே ஒரு கேள்வியைக் கொண்டு எடை போட்டுவிட முடியுமா? வியாபாரத்தில் ஈடுபட்டிருக்கும் நமக்கு இந்தக் கேள்வி புதிதன்று. கடனுக்குச் சரக்குக் கேட்டு வருபவரை எடை போடுகிறோம். கடையில் வேலைக்குச் சேர வருபவரை எடை போடுகிறோம். முகம் பாராத தூரதேசத்து வியாபாரியை அவர் எழுதும் கடிதத்தைக் கொண்டே எடை போடுகிறோம். ஆனால், எல்லாரையும் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றும் அதிகாரத்தை ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது அவரை எந்தத் தராசில் நிறுத்துவது?

இந்தக் கேள்வி இன்று மிகக் கூர்மையாக எழுந்திருக்கும் தேசம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கே மாநிலத் தேர்தல்களில், துப்பாக்கி உரிமை என்னும் ஒரே விஷயத்தை வைத்து அபேட்சகர்களை ஏற்பவர்களும் உண்டு; தள்ளுபவர்களும் உண்டு. நம்முடைய நாடுகளில் துப்பாக்கி ஒரு தேர்தல் விஷயமே அன்று. மலேசியாவில் 1971-ம் ஆண்டுச் சட்டமும், சிங்கப்பூரில் 1973-ம் ஆண்டுச் சட்டமும் துப்பாக்கிக் குற்றங்களுக்கு மிகக் கடுமையான தண்டனை விதிக்கின்றன. ஆகவே அமெரிக்கரின் வாதத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு அப்பால் போய்விடுவது நமக்கு எளிது. அது நியாயமாகாது. துப்பாக்கி நமக்கு அந்நியமாக இருக்கலாம். ஒருவரை ஒரே விஷயத்தால் மதிப்பிடும் பழக்கம் நமக்கு அந்நியமன்று.

முதலில் அவர்கள் பக்கத்துச் சங்கதியை அறிந்துகொள்வோம். 1791-ம் ஆண்டில் அமெரிக்க அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம் 27 சொற்களே கொண்டது. ஊர்ப்படையின் தேவையைக் கூறித் தொடங்கி, ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமையைக் கூறி முடிகிறது அது. அந்த உரிமை படைக்கு உரியதா, தனிமனிதருக்கு உரியதா என்று நெடுங்காலம் வாதாடினார்கள். 2008-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமையே என்று தீர்ப்பளித்தது. அந்த உரிமை மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்று 2010-ல் கூறியது. வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லவும் உரிமை உண்டு என்று 2022-ல் கூறியது. அதே நீதிமன்றம் 2024-ல், துணைவரை அச்சுறுத்தியதற்காகத் தடையுத்தரவுக்கு உட்பட்டிருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதென்ற சட்டத்தை எட்டு பேர் சேர்ந்து ஆதரித்தும், ஒருவர் மறுத்தும் நிலைநிறுத்தியது. உரிமை உண்டு, அதற்கு எல்லையும் உண்டு என்பதே இத்தீர்ப்புகளின் சாரம்.

அந்த எல்லை எங்கே என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை மாநிலச் சட்டசபைகள். உரிமம் பெற்ற வியாபாரி துப்பாக்கி விற்கும்போது, வாங்குபவர்மீது குற்றப்பதிவு உண்டா என்று விசாரித்தாக வேண்டும் என்பது மத்திய சட்டம். தனிநபர் ஒருவர் தம்மிடமுள்ளதை இன்னொருவருக்கு விற்கும்போது அந்தக் கட்டாயம் பொதுவாக இல்லை. அந்த இடைவெளியை அடைப்பதா, விடுவதா என்பது மாநிலத்தின் கையில் இருக்கிறது. பொது இடத்தில் மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டுமா என்பதும் அப்படியே. 2024-ம் ஆண்டுக்குள் 29 மாநிலங்கள் அந்தச் சீட்டே வேண்டாமென்று விட்டுவிட்டன. நகரசபைகள் தாமாக விதி செய்யக் கூடாதென்று தடுத்திருக்கும் மாநிலங்களும் பல. ஆகவே 50 மாநிலங்களிலும் உள்ள 7,386 சட்டசபை ஸ்தானங்களில் யார் அமர்கிறார் என்பது அங்கே அற்ப விஷயமன்று.

இத்தனை பேரையும் சாமானிய வாக்காளர் எப்படி அறிவார்? அங்கேதான் சங்கங்கள் வருகின்றன. 1871-ல் தோன்றிய தேசிய ரைபிள் சங்கம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுவதுபோல அபேட்சகர்களுக்கு ஏ பிளஸ் முதல் எஃப் வரை எழுத்துப் போடுகிறது. சட்டசபையில் அவர் அளித்த வாக்குகளையும், சங்கம் அனுப்பும் கேள்வித்தாளுக்கு அவர் தரும் விடைகளையும் பார்த்து அது தீர்மானிக்கிறது. பதில் எழுதாதவருக்குக் கேள்விக்குறி போட்டுவிடுகிறது. கட்டுப்பாடு வேண்டும் என்போர் பக்கத்திலும் இப்படியே சங்கங்கள் கேள்வித்தாள் அனுப்புகின்றன. தங்களுக்கு உகந்தவருக்கு நற்சான்று வழங்குகின்றன. இதை நாம் இழிவாகப் பேச வேண்டியதில்லை. பெட்டியின்மேல் உள்ள முத்திரையைப் பார்த்துச் சரக்கு எடுக்காத வியாபாரி நம்மில் யார்? அலுவல் மிகுந்தவருக்கு முத்திரை ஓர் உதவி.

ஆனால் அந்த முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறியாமல் நம்புகிறவர் ஏமாறுவார். ஃபுளோரிடா மாநிலத்தின் கவர்னராக இருந்த ரிக் ஸ்காட் தேசிய ரைபிள் சங்கத்திடம் ஏ பிளஸ் பெற்றவர். 2018-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி, பார்க்லாண்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மார்ச் 9-ந் தேதி அவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். துப்பாக்கி வாங்கும் வயது 21 என்றாயிற்று. வாங்குவதற்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்றாயிற்று. ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதுபவரிடமிருந்து ஆயுதத்தைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ள வழி ஏற்பட்டது. அன்றே சங்கம் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் அவருடைய ஏ பிளஸ் சி ஆக இறங்கியது.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். சில வாரங்களில் அந்த மனிதர் கெட்டவராகிவிட்டாரா? அல்லது மறுபக்கத்தார் சொல்லக்கூடியபடி, அதுவரை கெட்டவராக இருந்து அன்றுதான் நல்லவரானாரா? இரண்டும் இல்லை. எழுத்துப் போட்டவருடைய விருப்பத்துக்கும் அவருக்கும் இடையே உள்ள தூரம் மாறியது, அவ்வளவுதான். மதிப்பெண் அந்தத் தூரத்தைத்தான் அளக்கிறது. துயரம் வந்து கதவைத் தட்டும்போது அவர் எப்படி யோசிப்பார், யார் பேச்சைக் கேட்பார், தம்மை ஆதரித்தவரிடம் மறுத்துச் சொல்லும் துணிவு அவருக்கு உண்டா என்பவற்றை அது அளப்பதில்லை. சட்டசபைக்கு ஆளனுப்பும்போது நாம் அறிய வேண்டியவையோ இவைதாம்.

அப்படியானால் ஒரே விஷயத்துக்காக வாக்களிப்பவர் மூடரா? அல்லர். அவருடைய நியாயத்தையும் கேட்க வேண்டும். "உரிமை என்பது பேரம் பேசும் பொருளன்று. அடுத்த போலீஸ் நிலையம் பல மைல் தூரத்தில் இருக்கும் கிராமத்தில் என் குடும்பம் வாழ்கிறது. அதைக் காக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கத் துணிந்தவர், நாளை வேறெதைத்தான் விட்டுக்கொடுக்கமாட்டார்?" என்கிறார் ஒருவர். "என் பிள்ளை பள்ளியிலிருந்து உயிரோடு திரும்ப வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் எனக்கு எது?" என்கிறார் மற்றொருவர். இருவருக்கும் அது உயிர்ப் பிரச்சினை. வரிவிகிதத்தையும் சாலைப் பராமரிப்பையும் அதோடு சமமாக வைத்து எடைபோடு என்று அவர்களிடம் சொல்ல நமக்கு வாய் வராது.

அப்படி அளிக்கும் வாக்கு பலிப்பதும் உண்டு. 2019-ம் ஆண்டு மே மாதம் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு நகராட்சிக் கட்டிடத்தில் 12 பேர் கொல்லப்பட்டனர். ஜூலையில் கூட்டப்பட்ட விசேஷக் கூட்டம் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் எதையும் முடிவு செய்யாமல் ஒத்திவைக்கப்பட்டது. நவம்பர் தேர்தலில் சட்டசபையின் இரு பிரிவுகளும் கைமாறின. 2020-ல் புதிய கட்டுப்பாடுகள் சட்டமாயின. அவற்றை எதிர்த்து ஜனவரி 20-ந் தேதி தலைநகர் ரிச்மண்டில் சுமார் 22,000 பேர் என்று மதிப்பிடப்பட்ட கூட்டம் திரண்டு, அமைதியாகக் கலைந்தது. இரு தரப்பாரும் தாங்கள் எதற்காக நிற்கிறோம் என்பதை அறிந்தே நின்றார்கள்.

ஆனால் பலிக்காததும் உண்டு. கொலராடோவில் 2013-ம் ஆண்டு கட்டுப்பாட்டுச் சட்டங்களை நிறைவேற்றியதற்காக, மாநில செனட்டின் தலைவரையும் மற்றோர் உறுப்பினரையும் வாக்காளர் இடைக்காலத்திலேயே திருப்பி அழைத்துவிட்டனர். மனிதர்கள் போனார்கள், சட்டங்கள் நின்றன. மறு ஆண்டுத் தேர்தலில் அவ்விரு ஸ்தானங்களும் பழைய கட்சிக்கே திரும்பின. ஒருவரைத் தண்டிப்பது வேறு, காரியத்தைச் சாதிப்பது வேறு என்பதற்கு இது நல்ல பாடம்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒரு முடிவு தோன்றுகிறது. ஒருவரைத் தள்ளுவதற்கு ஒரு கேள்வி போதும்; ஒருவரை ஏற்பதற்கு ஒரு கேள்வி போதாது. கிட்டங்கியில் வந்து இறங்கிய மூட்டையைக் குத்தூசியால் குத்திப் பார்க்கிறோம். புழு இருந்தால் வேறெதையும் பாராமல் திருப்பி அனுப்பலாம். புழு இல்லை என்பதற்காக எடையைப் பாராமல், விலையைக் கேளாமல் பணத்தை எண்ணிக் கொடுப்பாருண்டோ? அதுபோல, தம் மனசாட்சிக்கு முற்றும் விரோதமான கொள்கையுடைய அபேட்சகரை ஒருவர் அந்த ஒரு காரணத்துக்காகவே நிராகரிக்கலாம். ஆனால் தமக்கு இசைந்த விடையைச் சொன்னார் என்பதற்காகவே ஒருவரை நம்பக் கூடாது. இசைந்த விடையைச் சொல்வது எல்லாவற்றிலும் எளிது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. இருவர் மட்டுமே நிற்கும் போட்டியில் ஒருவரைத் தள்ளுவது மற்றவரை ஏற்பதாகவே முடியாதா? உண்மைதான். அதனால்தான் தள்ளுவதற்கு முன் யோசனை அதிகம் வேண்டும். கட்சிக்குள்ளேயே அபேட்சகரைத் தேர்ந்தெடுக்கும் பூர்வாங்கத் தேர்தல் அமெரிக்காவில் உண்டு. ஒரே கொள்கையுடைய பலரில் தகுதியுள்ளவரைப் பொறுக்கும் இடம் அதுவே. அங்கே அசட்டையாக இருந்துவிட்டு, கடைசி நாளில் "வேறு வழியில்லை" என்று புலம்புவது முறையன்று.

எப்படிப் பொறுக்குவது? மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். முதலாவது: இவர் வாக்களிப்பதைச் செய்ய இவர் நாடும் பதவிக்கு அதிகாரம் உண்டா? கைத்துப்பாக்கிகளையெல்லாம் ஒழித்துவிடுவேன் என்பவரும், எந்தக் கட்டுப்பாடும் இராது என்பவரும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு முன்னால் நிற்காத சரக்கை விற்கிறார்கள்.

இரண்டாவது: தமக்கு நஷ்டம் வந்தபோதும் சொன்னதைச் செய்திருக்கிறாரா? அன்றேல், மாறியபோது ஏன் மாறினேன் என்று வெளிப்படையாகச் சொன்னாரா? கேள்வித்தாளுக்குப் பதில் எழுதாதவரையும் இந்தக் கேள்வியாலேயே சோதிக்க வேண்டும். மௌனம் கோழைத்தனமாகவும் இருக்கலாம். வழக்கைக் கேட்குமுன் தீர்ப்பை எழுதித் தர மறுக்கும் நேர்மையாகவும் இருக்கலாம். 1774-ல் பிரிஸ்டல் நகரத்து வாக்காளரிடம், உங்களுக்கு என் உழைப்பை மட்டுமன்றி என் சொந்த யோசனையையும் தரக் கடமைப்பட்டவன் நான் என்ற கருத்தை எட்மண்ட் பர்க் எடுத்துரைத்தார். ஆறாண்டுகளில் அந்த ஸ்தானத்தை அவர் இழந்தார். அவர் கொள்கை இன்றும் நிற்கிறது.

மூன்றாவது: தம் கட்சிக்கு வசதியில்லாத உண்மையை இவர் அறிவாரா? 2021-ம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிறரால் கொல்லப்பட்டவர்கள் அல்லர். தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். ஒரு பக்கத்தார் கொள்ளைக்காரனைப் பற்றியே பேசுகிறார்கள். மறுபக்கத்தார் பள்ளிக்கூடப் படுகொலையைப் பற்றியே பேசுகிறார்கள். மனமுடைந்து நள்ளிரவில் தன் சொந்த வீட்டு அலமாரியைத் திறப்பவனைப் பற்றி யார் பேசுவது? அவனுக்காக என்ன செய்வீர் என்று இரு தரப்பு அபேட்சகரையும் கேளுங்கள். துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பழக்கத்தைப் பற்றியோ, மனநோய் வைத்தியத்தைப் பற்றியோ, சில நாள் காத்திருக்கச் செய்வதைப் பற்றியோ சிந்தித்துப் பதில் சொல்பவர் எந்தப் பக்கத்தவராயினும் கவனிக்கத்தக்கவர். கேள்வியே விளங்காமல் பழைய பல்லவியைப் பாடுபவர், எத்தனை ஏ பிளஸ் வாங்கியிருந்தாலும், எத்தனை நற்சான்று பெற்றிருந்தாலும், அந்த ஸ்தானத்துக்கு ஏற்றவரல்லர்.

வாக்கு என்பது ஓர் அமானிதம். அதை ஒரு சங்கம் போட்ட ஓர் எழுத்திடம் முழுவதுமாக ஒப்படைத்துவிட்டால், அந்த அமானிதத்தை நாம் பேணியதாகாது. இது அமெரிக்கருக்கு மட்டும் சொன்னதன்று. நம்மிடையேயும் ஒரு மொழி, ஓர் ஊர், ஒரு கோரிக்கை என்று ஏதேனும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதில் தலையசைத்தவரையெல்லாம் நம்பிவிடும் வழக்கம் இல்லாமல் இல்லை. சங்கத் தேர்தலானாலும் சட்டசபைத் தேர்தலானாலும், அடுத்த முறை ஒருவர் நமக்குப் பிடித்த விடையைச் சொல்லும்போது, அதோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்போமாக.