பழகிக்கொள்ளும் உயிர்கள்

சென்ற அட்டமியன்று ஜினாலயத்தில் சுவாத்தியாயம் முடிந்தபின், என் தம்பி மகன் ஒரு வினா எழுப்பினான். அவன் ஆம்பூரில் ஒரு தோல் நிறுவனத்தில் கணக்கு எழுதுபவன். "பெரியப்பா, உயிர்கள் எல்லாம் சூழலுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும் என்று அறிவியல் சொல்கிறதே! ஆற்றில் உப்பு மிகுந்தால் உப்பைத் தாங்குபவை வரும். கடல் சூடேறினால் சூட்டைத் தாங்கும் சிப்பிகள் வரும். அப்படியானால் நாம் செய்வது மாற்றம்தானே? இதை இம்சை என்று எப்படிச் சொல்வது?" தன் ஊதியத்தைப் பற்றிய உறுத்தலே அவனை இவ்வாறு கேட்க வைத்தது என்பதை அறிவேன். அன்று தக்க விடை கூற என்னால் இயலவில்லை.

சங்கு, சிப்பி, புழு ஆகியவற்றை நம் ஆகமங்கள் ஈரறிவுயிர்கள் என வகுத்தன. தொல்காப்பிய மரபியலும் நந்து, முரள் என்னும் இரண்டை அவ்வகையிலேயே வைக்கிறது. தோல் பதனிடும் ஊர்களாகிய வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை ஆகியவற்றைக் கடந்து வரும் பாலாறு, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலை அடைகிறது. அக்கரையில் பாறைகளைப் பற்றி வாழும் பச்சைச் சிப்பியை எடுத்துக்கொள்வோம். உடலினின்று நூலிழைகளைச் சுரந்து பாறையோடு தன்னைப் பிணைத்துக்கொள்ளும் அதனால், துன்பம் வரும்போது ஓடிப்போக இயலாது. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் கலந்து கடலின் உப்புக் குறையும்போது, ஓட்டை இறுக மூடிக்கொள்கிறது. மூடியபின் உணவு இல்லை. உயிர்வளி வரவும் இல்லை. உயிர்வளியின்றி உடலை நடத்துவதால் உள்ளே அமிலம் சேர்கிறது. அதைத் தணிக்கத் தன் ஓட்டின் சுண்ணத்தையே சிறிது கரைத்துக்கொள்கிறது. கூரையைப் பிடுங்கி அடுப்பெரிப்பார் நிலை இது. வெப்பம் மிகுந்தாலோ, சிதைந்த புரதங்களைச் செப்பனிடுவதற்கென்றே வேறு புரதங்களை ஆக்கவேண்டும். அதற்கான ஆற்றல் வளர்ச்சியினின்றும் இனப்பெருக்கத்தினின்றும் எடுக்கப்படுகிறது.

இது ஓர் உயிர் தன் வாழ்நாளில் செய்வது. தலைமுறைகளில் நிகழ்வது வேறு. சிப்பியின் இளவுயிர்கள் சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து, தாய் வாழ்ந்த இடத்துக்கு அப்பால் எங்கோ சென்று ஒட்டுகின்றன. அவ்விடத்துக்கு ஒவ்வாதவை மடிகின்றன; ஒத்தவை எஞ்சி இனம் பெருக்குகின்றன. பிற்காலத்தில் வந்து பார்க்கும் நாம், 'இவ்வினம் இங்கே பழகிவிட்டது' என்று வியக்கிறோம். பழகியது இனம், மடிந்தவை உயிர்கள். அறிவியல் இனத்தை எண்ணுவதில் பிழையில்லை, அதன் கணக்கு அது. ஆனால் நம் தருமத்தில் இனத்துக்கு ஆன்மா கூறப்படவில்லை. ஒவ்வொரு ஜீவனும் தனி, ஒவ்வொன்றின் வேதனையும் தனி. தம்பி மகன் ஒரு பேரேட்டின் இருப்பை மற்றொரு பேரேட்டில் எழுதிவிட்டான்.

மேலும், பழகுதற்கும் எல்லை உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில் வாழும் சிறு நண்டினங்களைப் பற்றி 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வெப்பத்தை மிகுதியாகத் தாங்கும் இனங்களுக்கே மேலும் தாங்கிக்கொள்ளும் இடம் குறைவு எனக் கண்டது. அவை ஏற்கெனவே தம் எல்லையின் ஓரத்தில் நிற்கின்றன. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் ஏற்கிறது; அதனால் நீரின் காரத்தன்மை குறைந்து, ஓடு கட்டுவது சிப்பிக்கு அரிதாகிறது. சூடு, உப்பு மாற்றம், ஓட்டுக் குறைவு மூன்றும் ஒருசேர வந்தால் பொறுமை எவ்வளவு நாள் தாங்கும்?

இதை எழுதும்போது என்னையும் விலக்கிக்கொள்ள இயலவில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கடல்நீர் கொணரும் சுரங்க வழியில் இதே பச்சைச் சிப்பிகள் அடர்ந்து ஒட்டுகின்றன. அவற்றை ஒழிக்க நீரில் குளோரின் கலக்கிறார்கள். என் மேசை விளக்கும் மின்சாரத்தில்தான் எரிகிறது.

பாலாற்றுக்கு வருவோம். பதப்படுத்திய தோலில் ஏற்றிய உப்பு, ஊறவைக்கும் தொட்டியில் கழுவப்பட்டு வெளியேறுகிறது. குரோமியத்தைப் பிரித்தெடுப்பது ஓரளவு எளிது. கரைந்த உப்பை நீக்குவதோ பெருஞ்செலவு. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர்த் தீர்ப்பில், இப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிட உதவாததாயிற்று என்னும் ஆய்வு எடுத்துக்காட்டப்பட்டது. மாசு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறியும் அதில் நிலைபெற்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மக்கள் கிணற்றை விட்டுக் குடிநீரை விலைக்கு வாங்கப் பழகிக்கொண்டனர். நெல் விளைந்த வயலில் உப்பைத் தாங்கும் பயிர் தேடினர். இவர்களையும் 'தகவமைந்தவர்' என்று கூறிவிட்டு நாம் அமைதியாக இருப்போமா?

தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிர் போவதை மட்டும் கூறாமல் விழிப்பின்மையை அதற்குமுன் வைக்கிறது. உழுகின்ற நயினார் ஏர்முனையில் புழு மடிவதை அறிந்தே உழுதார். அதை ஆரம்ப இம்சை என ஒப்புக்கொண்டு, குறைக்க முயன்றார். 'புழு பழகிக்கொள்ளும்' என்று அவர் சொன்னதில்லை.

இவ்வளவையும் தம்பி மகனிடம் மறுவாரம் கூறினேன். சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, செலவைக் குறைக்கவேண்டிய மாதங்களில் முதலில் கைவைக்கப்படுவது கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கான தொகைதான் என்றும், அந்தத் தாள் தன் மேசை வழியாகவே செல்கிறது என்றும் சொன்னான். "வேலையை விட்டுவிடட்டுமா, பெரியப்பா?" என்றான். விட்டால் அவ்விடத்துக்கு இவ்வினாவைக் கேட்காத ஒருவர் வருவார் என்றேன். சொல்லியபின், இதுவும் பழகிக்கொள்வதற்கு நான் தேடிய ஒரு வழிதானோ என்று ஐயுற்றேன். அடுத்த முறை அந்தத் தாள் வரும்போது, கையெழுத்திடுமுன் மறுப்புக் குறிப்பு ஒன்றை எழுதி வைப்பதாகச் சொல்லிச் சென்றிருக்கிறான்.