விசாரிக்காத மாப்பிள்ளை

எங்கள் பெருந்துறைப் பக்கம் பெண்ணுக்கு வரன் வந்தால் முதலில் நடப்பது விசாரணைதான். எந்தக் குலக்கூட்டம், எந்தக் கோயில், கிணற்றில் தண்ணீர் எப்படி, பையன் சிப்காட் கம்பெனியில் நிஜமாகவே சூப்பர்வைசர்தானா என்று நாலு பக்கமும் கேட்பார்கள். டீக்கடையில் சும்மா பேச்சுக்கொடுப்பதுபோல் உட்கார்ந்து "பையன் எப்படிங்க?" என்பார்கள். அதிலும் மனம் ஆறாவிட்டால் சென்னிமலை ஏறி முருகன் சிரசில் பூ வைத்து உத்தரவு கேட்பவர்களும் உண்டு. இவ்வளவுக்கும் காரணம் ஒரே பயம்தான். கதவைச் சாத்தியபின் அவன் எப்படிப்பட்டவன் என்று கட்டிக்கொண்டவளுக்குத்தான் தெரியும். அதற்குள் தாலி ஏறியிருக்கும்.

காமமும் கொலையும் கலந்த திகில் படங்கள் ஏன் அலுக்கவே இல்லை என்று கேட்டால், இந்தப் பயத்தைத்தான் நான் காட்டுவேன். சதைக்காகக் கூட்டம் வருகிறது என்பது பாதி உண்மை. கைக்குள்ளேயே எல்லாம் கிடைக்கிற இந்தக் காலத்தில், அதற்காக மட்டும் யாரும் இரண்டரை மணி நேரம் கதை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

1978இல் வந்த 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தை எடுத்துக்கொள்வோம். பாரதிராஜாவுக்கு அது மூன்றாவது படம். முதல் இரண்டும் வயலும் தாவணியுமாக இருந்தவை. வசனம் எழுதியவர் நம் கோபிச்செட்டிபாளையம் பக்கத்து வெள்ளாங்கோவில்காரர் கே. பாக்யராஜ். திலீப் பணக்காரன், பார்க்க லட்சணமானவன், பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைப்பவன். புதைத்த மண்ணில் ரோஜா பூக்கிறது. கடையில் வேலை பார்க்கும் சாரதா அவனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு அந்த வீட்டுக்குள் நுழைகிறாள். அவள் தரப்பிலிருந்து ஒருவரும் டீக்கடைக்குப் போய் விசாரிக்கவில்லை!

படத்தின் சாமர்த்தியம் கொலையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. திலீப் யார் என்பது நமக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது, சாரதாவுக்குத்தான் தெரியாது. மேஜைக்கடியில் குண்டு இருப்பதைப் பார்வையாளனுக்கு முன்கூட்டியே காட்டிவிடு, அப்புறம் மேலே இருப்பவர்கள் சாதாரணமாகப் பேசினாலும் அவன் பதறுவான் என்று ஹிட்ச்காக் விளக்கிய தந்திரம் இதுதான். பாரதிராஜா அந்தக் குண்டைக் கட்டிலுக்கடியில் வைத்தார். அதனால் திலீப்பாக நடித்த கமலும் எஸ். ஜானகியும் பாடும் காதல் பாட்டு இரண்டு விதமாகக் காதில் விழுகிறது. இளையராஜாவின் மெட்டு நம்மை மயக்குகிறது. நமக்குத் தெரிந்த உண்மை முதுகைச் சில்லிட வைக்கிறது. அவன் அவளைத் தொட நெருங்கும்போது, தொடட்டும் என்றும் தொடக்கூடாது என்றும் ஒரே நேரத்தில் நினைக்கிறோம்.

உடம்புக்கே இந்தக் குழப்பம் உண்டு. பயத்திலும் நெஞ்சு படபடக்கும், ஆசையிலும் படபடக்கும். 1974இல் டட்டன், ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவின் வான்கூவர் பக்கம், ஆழமான பள்ளத்தாக்கின் மேல் ஆடும் கபிலானோ தொங்குபாலத்தில் ஒரு சோதனை செய்தார்கள். பாலத்தில் நின்ற பெண் ஒருத்தி, கடந்து வந்த ஆண்களிடம் சில கேள்விகள் கேட்டுத் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தாள். ஆடாத பாலத்தில் அவளைப் பார்த்தவர்களைவிட, ஆடும் பாலத்தில் பார்த்தவர்களே அதிகமாகக் கூப்பிட்டார்கள். பாலம் தந்த படபடப்பை அவள் தந்ததாக எண்ணிக்கொண்டார்கள் என்பது அந்த உளவியலாளர்கள் சொன்ன விளக்கம். திகில் படக்காரர்கள் இதை ஆராய்ச்சி இல்லாமலே தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஹாலிவுட்டும் இந்த வழியில்தான் வந்தது. தணிக்கை விதிகள் இறுக்கமாக இருந்த 1944இல் 'டபுள் இண்டெம்னிட்டி' ஆசையைப் பேச்சிலும் பார்வையிலும் ஒளித்து வைத்தது. கட்டு தளர்ந்தபின் 1981இல் 'பாடி ஹீட்', 1992இல் 'பேசிக் இன்ஸ்டிங்க்ட்' என்று படுக்கையறைக்கே கேமரா போனது. நம் ஊரில் அதற்கு அவசியம் இல்லாமல் போனது. சரசத்தைப் பாட்டிடம் ஒப்படைத்துவிடுவது தமிழ் சினிமாவின் பழைய ஏற்பாடு. மிச்சம் இருந்த கதை முழுவதையும் பயத்துக்கு விட்டுக்கொடுக்க முடிந்தது. 1980இல் பாலு மகேந்திராவின் 'மூடுபனி' கிட்டத்தட்ட அமைதியாலேயே பயமுறுத்தியது.

ஆனால் இந்தப் படங்களின் கணக்கில் ஒரு கள்ளம் இருக்கிறது. திலீப் ஏன் அப்படி ஆனான் என்பதற்குப் படம் காரணம் சொல்கிறது: சிறுவயதில் ஒரு பெண் அவன்மேல் வீண்பழி போட்டாள், அவனை வளர்த்தவரின் மனைவியோ கணவருக்குத் துரோகம் செய்தவள். கொன்றவனுக்கு முழு நீளக் கடந்தகாலம் இருக்கிறது. செத்துப்போன பெண்களுக்கு ஒரு நிமிடக் கதைகூடக் கிடையாது. 1987இல் 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்' செய்ததும் இதுதான். முதலில் எடுத்த முடிவில், கல்யாணமானவனைத் துரத்தும் காதலி தற்கொலை செய்துகொள்வாள். முன்னோட்டக் காட்சி பார்த்தவர்களுக்கு அது போதவில்லை. மனைவி கையாலேயே அவள் சுடப்பட்டுச் சாகும்படி மாற்றி எடுத்தார்கள், வசூல் குவிந்தது. ஆசையைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, அதற்கு ஒருத்தியைத் தண்டித்துவிட்டு, சுத்தமான ஆளாக வீடு திரும்பலாம். இந்த வசதியும் கவர்ச்சியில் ஒரு பங்குதான்.

'சிகப்பு ரோஜாக்க'ளுக்குள்ளேயே பாரதிராஜா இதைக் காட்டியிருக்கிறார், தெரிந்தோ தெரியாமலோ. திலீப் தன் கொலைகளைப் படம் பிடித்து வளர்ப்புத் தந்தைக்குப் போட்டுக் காட்டுகிறான். இருட்டறையில் அமர்ந்து ரசிக்கும் அந்தக் கிழவருக்கும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த நமக்கும் இடைவெளி ரொம்பக் கொஞ்சம்.

1999இல் எஸ்.ஜே. சூர்யா இயக்கிய 'வாலி' இந்தக் கள்ளத்திலிருந்து ஓரளவு தப்பியது. இரட்டையர்களில் மூத்தவன் காது கேளாத, வாய் பேசாத தேவா. தம்பி மனைவி பிரியாமேல் அவனுக்கு ஆசை. தொடக்கத்திலேயே கண்டுகொள்பவள் பிரியா. அவள் சொன்னால் கணவன் நம்பமாட்டேன் என்கிறான்; அண்ணன் அவனுக்குத் தெய்வம். ரத்தம் குறைவான படம்தான், இருந்தாலும் 'சிகப்பு ரோஜாக்க'ளைவிட எனக்கு அதிக நடுக்கம் தந்தது இதுவே. சாரதாவையாவது டீக்கடை விசாரணை காப்பாற்றியிருக்கும். பிரியாவின் மாப்பிள்ளையைப் பற்றி ஊர் முழுக்கக் கேட்டிருந்தாலும் நல்ல பையன் என்றுதான் சொல்லியிருப்பார்கள், அது உண்மையும்கூட.